ஃபுளோரைடு: பல்லின் மேலா, வயிற்றுக்குள்ளா?

2025 மார்ச் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம், பல் சொத்தையைக் குறைப்பதற்காகக் குடிநீரில் ஃபுளோரைடு கலப்பதைத் தடை செய்தது. இரண்டு மாதத்தில் ஃபுளோரிடாவும் அதே முடிவுக்கு வந்தது. அந்தச் செய்தி கைபேசி வழியாக நம் வீடுகளுக்கு வந்து சேரும்போது, "ஃபுளோரைடு விஷம், உடனே டூத்பேஸ்ட்டை மாற்றுங்கள்" என்று சுருங்கிவிடுகிறது. தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்தில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் இதைப் படித்துவிட்டுப் பேஸ்ட்டைத் தூக்கிப் போட்டால், உதவுகிற பொருள்தான் வீட்டை விட்டுப் போகிறது. ஆபத்து இருந்தால் அது வீட்டு போர்வெல்லில் இருக்கும். அதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தக் கதை கறையில் தொடங்கியது. 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் தொழில் தொடங்கிய இளம் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புத் திட்டுகளைக் கண்டார். வெளியூரிலிருந்து பெரியவர்களாகக் குடிவந்தவர்களுக்கு அது இல்லை. அதைவிட விசித்திரம், கறைபடிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் பல ஆண்டுகள் தேடினார். ஐடஹோவின் ஓக்லி என்ற சிற்றூரில் புதிய குழாய்த் தண்ணீர் வந்தபின் பிள்ளைகளின் பல்லில் கறை தோன்றியது. அவர் சொன்னதைக் கேட்டு ஊரார் அந்த நீரைக் கைவிட்டார்கள். அடுத்து முளைத்த பற்கள் சுத்தமாக வந்தன. கடைசியில் 1931-ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், ஆர்கன்சாவின் பாக்ஸைட் ஊர்த் தண்ணீரைச் சோதித்து, அந்த ஏதோ ஒன்று ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார்.

பிறகு டிரெண்ட்லி டீன் என்ற அரசு ஆய்வாளர் ஊர் ஊராக அளந்தார். லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருக்கும் இடங்களில் கறை பெரிதாகத் தெரியவில்லை, சொத்தையும் குறைந்திருந்தது. அந்த அளவைத் தாங்களே கலந்து பார்த்தால் என்ன என்று 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரம் தொடங்கியது. அதன்பின் அங்கே பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

இதற்கிடையில், 1937-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்திலிருந்து வேறொரு செய்தி மருத்துவ இதழ்களுக்குப் போனது. முதுகு குனிய முடியாமல் விறைத்துப்போனவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், நரம்பு நசுங்கிக் கால் விளங்காதவர்கள். ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்ததில், காரணம் கிணற்று நீரின் ஃபுளோரைடு. அங்கே அதை யாரும் கலக்கவில்லை. பாறையே கலந்திருந்தது.

ஒரே பொருள் இரண்டு விதமாக நடந்துகொள்வது எப்படி? பல்லின் எனாமல் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். நாம் இனிப்போ பிஸ்கெட்டோ சாப்பிட்டதும் வாயில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக்கும். அமிலத்தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் படிகம் கரையத் தொடங்கும். அமிலம் தணிந்ததும் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பிப் போய்ப் படியும். தினமும் பலமுறை, சுவரில் சாந்து உதிர்வதும் திரும்பப் பூசுவதும்போல, இது நடந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் பல்லின் மேல் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால், திரும்பப் படிவது வேகமாகும். புதிதாகப் படியும் அடுக்கும் பழையதைவிட உறுதியானது. அது கரைவதற்கு பிஎச் ஏறத்தாழ 4.5 வரை இறங்க வேண்டும்.

கிராண்ட் ரேப்பிட்ஸ் காலத்தில், ஃபுளோரைடை விழுங்கினால்தான் அது வளரும் பல்லுக்குள் சேர்ந்து பலம் தரும் என்று நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை மாற்றின. அதன் முக்கிய வேலை பல் முளைத்த பிறகு, பல்லின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிச் சண்டை தெளிந்துவிடும். நமக்கு வேண்டியது வாயில் சில நிமிடம் இருக்கும் செறிவு. தீங்கு செய்வது வயிற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் போய்ச் சேரும் மொத்த அளவு. இரண்டும் வேறு வேறு கணக்கு.

விழுங்கிய ஃபுளோரைடு ரத்தத்தில் கலந்து, பெரியவர்களுக்கு ஏறத்தாழ பாதி சிறுநீரில் வெளியேறும். மீதி எலும்பில் தங்கும். வளரும் குழந்தைகளின் எலும்பு இன்னும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு வயது வரை, அதிக ஃபுளோரைடு எனாமல் முதிர்வதைக் கெடுக்கும். எனாமலில் இருந்து வெளியேற வேண்டிய புரதம் உள்ளேயே தங்கி, நுண்துளைகள் உள்ள பல் முளைக்கும். அந்தத் துளைகளில் கறை ஏறும். எட்டு வயதுக்குப் பின் இந்தக் கறை புதிதாக வருவதில்லை. மெக்கே பார்த்த வெளியூர்க்காரர்களின் பல் தப்பியது இதனால்தான். எலும்புக்கு அப்படி வயது வரம்பு கிடையாது. பல ஆண்டு குடித்தால் எலும்பு கெட்டியாகும், ஆனால் எளிதில் உடையும். தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து மூட்டும் முதுகெலும்பும் இறுகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியின் அடியில் இருப்பது கிரானைட் போன்ற கடினப் பாறை. அதில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்லக் கசிகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடிய நீரில் ஃபுளோரைடு கரைந்தே நிற்கும். ஆழமான போர்வெல்லில், பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர் பல இடங்களில் இப்படித்தான் இருக்கிறது. நம் வெயிலில் குடிக்கும் தண்ணீரும் அதிகம். ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கப்பட்டதற்கு முதன்மையான காரணமே பல்லையும் எலும்பையும் கெடுக்கும் இந்த ஃபுளோரைடு நோய்தான். காவிரி நீர் வருகிற வீடு, குடிப்பதற்கும் சமையலுக்கும் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

சரி, அமெரிக்கச் சண்டைக்கு வருவோம். அதில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம், குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகும்போது குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவதோடு தொடர்பு இருப்பதாக ஓரளவு உறுதியோடு சொன்னது. அங்கே கலக்கும் 0.7 மில்லிகிராம் அளவுக்கு அப்படிச் சொல்லத் தரவு போதவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பகிரப்படும் செய்திகளில் இந்த இரண்டாவது பாதி காணாமல் போய்விடுகிறது. இன்னொரு பக்கம், எல்லோரும் ஃபுளோரைடு பேஸ்ட்டில் பல் துலக்கும் காலத்தில் தண்ணீரில் கலப்பதன் கூடுதல் பலன் முன்பைவிடச் சிறியது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. சிறியது என்றால் இல்லை என்று பொருளில்லை. கனடாவின் கால்கரி நகரம் 2011-ல் கலப்பதை நிறுத்தியது. கலப்பதைத் தொடர்ந்த எட்மன்டன் நகரத்தைவிட அங்கே குழந்தைகளின் பாற்பற்களில் சொத்தை அதிகமாகக் கூடியது. 2021-ல் மக்கள் வாக்களித்து, 2025-ல் மீண்டும் கலக்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவில் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் வழக்கம் இல்லை. அதனால் அந்த வாதத்தின் முடிவு எப்படி இருந்தாலும் நம் பேஸ்ட்டுக்கு அதில் வேலை இல்லை. கணக்கைப் பாருங்கள். இங்கே பேஸ்ட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1000 பிபிஎம், அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு போதும். அதை முழுதாக விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம் போலத்தான் போகும். அதே குழந்தை லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள போர்வெல் நீரை ஒரு லிட்டர் குடித்தால், அதைப்போல முப்பது மடங்கு உள்ளே போகிறது, தினமும். மூன்றிலிருந்து ஆறு வயது வரை பட்டாணி அளவு, பக்கத்தில் நின்று துப்பச் சொல்லுங்கள். பெரியவர்கள் துப்பியபின் வாயை நிறையத் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டால், பல்லின் மேல் கொஞ்சம் தங்கி வேலை செய்யும்.

தண்ணீரைப் பொறுத்தவரை இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீர் கிடைக்காவிட்டால் உச்சம் 1.5. நிறத்திலும் ருசியிலும் இது தெரியாது. கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. வடிகட்டி பெரும்பகுதியை நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறை ஊர் அளவில் உதவும், ஆனால் படிகார அளவைச் சரியாகப் போட ஆள் வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுக்காமல் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோங்கள்; ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். புதிதாக போர் போட்டவர்கள், அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.