விடுமுறைக்கு வீடு மாற்றும்போது: சாவி கைமாறும் முன் முடிக்க வேண்டியவை

விடுமுறையில் இரண்டு குடும்பங்கள் வீட்டை மாற்றிக்கொண்டு தங்குகின்றன: நீங்கள் அவர்கள் வீட்டில், அவர்கள் உங்கள் வீட்டில், வாடகை கிடையாது. ஐரோப்பாவில் 1953-இல் ஆசிரியர்கள் தங்களுக்குள் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது சென்னை அடுக்குமாடிக் குடும்பமும் லண்டன் குடும்பமும் மூன்று வாரம் இப்படி மாற்றிக்கொள்வது புதிதல்ல. எல்லோரும் பயப்படுவது திருட்டுக்கு. ஆனால் மனக்கசப்பு பெரும்பாலும் தண்ணீர் மோட்டாரிலும் காப்பீட்டிலும் வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளத்திலும்தான் வருகிறது. இவை எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்தால் தீரக்கூடியவை.

முதல் கேள்வி, வீடு உங்களுடையதா? வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாமல் வீட்டை இன்னொருவர் வசம் விடுவது உங்களை வெளியேற்றவே காரணமாகலாம். சொந்த ஃபிளாட் என்றாலும் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இல்லையென்றால் நள்ளிரவில் பெட்டியோடு வந்து இறங்குபவர்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

வருபவர் வெளிநாட்டுக் குடிமகன் என்றால் 24 மணி நேரக் கெடு ஒன்று உண்டு. அவர் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் தங்கும் விவரத்தைப் பதிய வேண்டும். ‘சி ஃபார்ம்’ என்று சொல்வது இதைத்தான். ஓட்டலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; காசு வாங்காமல் தங்கவைக்கும் வீட்டுக்கும் இது பொருந்தும். சிக்கல் என்னவென்றால், அவர் உங்கள் வீட்டுக்குள் நுழையும் நேரம் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். வீட்டு உரிமையாளர் கணக்குக்கு அலுவலகத்தின் ஒப்புதல் கிடைக்க நாளாகும். எனவே கணக்கை முன்பே தொடங்கி, பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு, பதிவு செய்யும் பொறுப்பை ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

காப்பீட்டில்தான் பெரிய ஓட்டை. திருட்டுக்கான பாலிசிகள் பொதுவாகப் பூட்டை உடைத்தோ கதவை நெம்பியோ புகுந்த தடயத்தைக் கேட்கும். நீங்களே சாவி கொடுத்து உள்ளே விட்டவரால் பொருள் காணாமல் போனால் கிளெய்ம் நிற்காது. ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வாடகை இல்லாமல் விருந்தினர் தங்குவார்கள், பாலிசி செல்லுமா?’ என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ஏஜென்ட் சொன்ன ‘ஒண்ணும் ஆகாது சார்’ எந்த மேஜையிலும் செல்லாது. நகை, பத்திரம், காசோலைப் புத்தகம் எல்லாம் வங்கி லாக்கருக்குப் போகட்டும்.

காரையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இங்கே காப்பீடு வண்டியோடு போகிறது. செல்லத்தக்க உரிமம் உள்ளவர் உங்கள் அனுமதியோடு ஓட்டலாம். வெளிநாட்டவரிடம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்க வேண்டும். பிரிட்டனில் காப்பீடு பெரும்பாலும் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநருக்குத்தான். அவர்கள் பாலிசியில் உங்கள் பெயரைச் சேர்க்காமல் அந்த ஊர்ச் சாலையில் வண்டியை எடுக்கவே கூடாது.

அடுத்து வீட்டுக் குறிப்பேடு. தனி வீடென்றால் மோட்டாருக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். சம்ப், மேல்தொட்டி என்ற ஏற்பாடே வருபவருக்குப் புதிதாக இருக்கலாம். குழாயில் தண்ணீர் நின்றதும் சுவிட்சைப் போடுவார்கள். சம்ப் காலியாக இருந்தால் மோட்டார் வறண்டு ஓடி சீல் கருகும், விட்டுவைத்தால் மோட்டாரின் கம்பிச்சுருளும் (காயில்) போகும். தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதுங்கள். சம்ப்பில் எந்தக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் மோட்டார் போடக்கூடாது என்று படம் எடுத்து ஒட்டுங்கள். லாரித் தண்ணீருக்கான போன் எண்ணையும் எழுதுங்கள். தானியங்கிக் கருவி பொருத்திவிட்டால் இந்தக் கவலையே பாதி குறையும்.

கேஸ் ரெகுலேட்டரை மூடித் திறப்பதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அனுப்புங்கள். கசிவுக்கான அவசர எண் 1906 அடுப்புக்கு மேலே கண்ணில் படட்டும். அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக் மாற்றி மட்டும் போட்டு அங்கத்திய ஹேர் டிரையரைச் சொருகினால் அது எரிந்துபோகும்.

சங்கடப்பட்டுச் சொல்லாமல் விடுவதும் உண்டு. சமையலறையில் அசைவம் கூடாதா, பூஜை அறை பூட்டியிருக்குமா, செருப்பை எங்கே விட வேண்டும் என்பதையெல்லாம் ஒப்புக்கொள்ளும் முன்பே எழுதுங்கள். வந்தபின் சொன்னால் குத்தலாகத் தோன்றும். வேலை செய்யும் அம்மாவுக்கு அந்த வாரங்களின் சம்பளத்தை நீங்களே முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள். கூடுதல் வேலைக்கு எவ்வளவு என்று அவரிடமே கேட்டு விருந்தினருக்குத் தெரிவியுங்கள். வீட்டுக்குள் கேமரா இருந்தால் கழற்றிவிடுங்கள். வாசல் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இருவரும் கையெழுத்திடும் தாளில் தேதிகள், தங்குபவர் பெயர்கள், உடைந்தால் யார் செலவு, மின்கட்டணம் யார் கட்டுவது, ஒருவர் பின்வாங்கினால் மற்றவரின் டிக்கெட் நஷ்டத்தில் எவ்வளவு பங்கு என்பவை இருக்கட்டும். இந்தத் தாள் முடியும்வரை, ரத்து செய்தால் பணம் திருப்பித் தராத டிக்கெட் எடுக்காதீர்கள்.

கிளம்பும் நாளில் மீட்டர் அளவு தெரிய ஒரு படமும், அலமாரிகளைத் திறந்து காட்டி அறை அறையாக ஒரு வீடியோவும் எடுத்து அன்றே அவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களும் அனுப்பட்டும். திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் அதே வரிசையில் அறைகளைப் பாருங்கள். குறை இருந்தால் ஒரு நாளுக்குள் படத்தோடு தெரிவியுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் கீறல் யாருடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.