கழற்றிப் பார்க்க வேண்டிய ஒயர் அதுவல்ல

இந்தப் பெங்களூரா மாம்பழ சீசனில் மட்டும் நெட் போச்சு என்று எனக்கு வந்த நான்காவது அழைப்பு இது. கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலை. இரவு பதினொன்றரைக்கு போன். "சார், ரெண்டு லைனுக்கும் மாசாமாசம் பணம் கட்டுறோம். ரெண்டும் செத்துப்போச்சு." லோடு ஏற்றிய மூன்று லாரிகள் கேட்டில் நிற்கின்றன, சரக்கை அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் இல்லாமல் நகர முடியாது. கடைசியில் கணக்குப்பிள்ளை தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பில்லை எடுத்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தபோது இரண்டாவது லைன் நன்றாகவே இருந்தது. லேப்டாப்பை நேராக அதில் செருகினால் எல்லாம் திறக்கிறது. இரண்டு லைனையும் ஆபீஸோடு இணைக்கும் ரூட்டர்தான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சாலை வேலையில் பொக்லைன் முதல் லைனின் ஃபைபரை அறுத்துவிட்டது. அது யாருக்கும் நடக்கும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். இதை அமைத்துக் கொடுத்தவர், "ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுத்துக்கும்" என்று சொன்னதோடு, முதலாளி கண்முன்னே ரூட்டரிலிருந்து முதல் லைனின் ஒயரைப் பிடுங்கியும் காட்டியிருக்கிறார். உடனே மாறியது. முதலாளிக்கு மகிழ்ச்சி, அவருக்குக் கூலி. நிஜமாக லைன் போன அன்று மாறவில்லை.

நாம் சோதிக்கச் சொல்லாதவரை ரூட்டருக்கு இன்டர்நெட் இருக்கிறதா இல்லையா என்பது தெரியவே தெரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் சலிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், ஆனால் சலிக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் போர்ட்டில், அதாவது ஒயர் செருகும் துளையில், உயிர் இருக்கிறதா என்பதுதான். அந்த ஒயரின் மறுமுனையில் இருப்பது லைன்காரர் வைத்த பெட்டியான மோடம். ஃபைபர் அறுந்தாலும் மோடத்துக்குக் கரண்ட் வருகிறது, போர்ட் பச்சையாக மின்னுகிறது. ஆகவே 0.0.0.0/0 (எந்த முகவரியானாலும்) என்று கையால் எழுதிய டீஃபால்ட் ரூட், அதாவது வெளியே போகும் பொது வழி, ரூட்டரின் பட்டியலில் அப்படியே நிற்கும். டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், சிறியதே முதலில்) 1 உள்ள ரூட் நிற்கும்வரை டிஸ்டன்ஸ் 2 பக்கம் ரூட்டர் ஏறெடுத்தும் பார்க்காது. பாக்கெட் (அனுப்பும் தகவல் துண்டுகள்) எல்லாம் மோடம்வரை போய், அங்கேயே சாகும். ஒயரைப் பிடுங்கினால் போர்ட்டே சாகிறது, ரூட்டும் போகிறது. அதனால்தான் அந்தச் சோதனை எப்போதும் பாஸ் ஆகிறது.

"சரி, மைக்ரோடிக்கில் செக்-கேட்வே போட்டேனே" என்பார் அடுத்தவர். மைக்ரோடிக் ஒரு ரூட்டர் பிராண்டு; செக்-கேட்வே என்பது கேட்வேயை (பாக்கெட்டை அடுத்து ஒப்படைக்கும் முகவரியை) பிங் செய்து, அதாவது கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் வசதி. எதைப் பிங் செய்யச் சொன்னீர்கள்? கேட்வே 192.168.1.1 என்றால் அது மோடமேதான். மேசைமேல் இருக்கும் பெட்டியிடம் "நலமா?" என்று பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்டால், நலம் என்றுதான் சொல்லும். மோடத்தைத் தாண்டி, வெளியே ஒரு முகவரியைக் கேட்க வேண்டும். கூகுளின் 8.8.8.8-க்கு முதல் லைன் வழியாக மட்டும் ஒரு தனி ரூட் எழுதி, டீஃபால்ட் ரூட்டின் கேட்வேயாக அந்த 8.8.8.8-ஐயே வைத்து, ஒரு ரூட்டை இன்னொரு ரூட் மூலம் தேட விடும் ஸ்கோப்பைச் சரிசெய்து, அதன்மேல் செக்-கேட்வே போடுங்கள். சிஸ்கோ ரூட்டரில் இதே வேலைக்கு ஐபி எஸ்எல்ஏ (சோதிப்பது), டிராக் (அதைப் பார்த்து ரூட்டை எடுப்பது) என்ற வசதிகள் இருக்கின்றன. அங்கேயும் சோதிக்கும் முகவரிக்குத் தனி ரூட் அவசியம். இல்லாவிட்டால் பிங் இரண்டாவது லைன் வழியாகப் போய்ப் பதில் வாங்கி வரும், ரூட்டர் முதல் லைன் பிழைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பும், மறுபடி விழும். இரவு முழுக்க ஊஞ்சல்தான். சோதிக்கும் முகவரியை ஆபீஸின் டிஎன்எஸ்ஸாக, அதாவது தளப் பெயரை எண் முகவரியாக்கித் தரும் இடமாக, வைக்காதீர்கள். முதல் லைன் விழும்போது அதுவும் எட்டாமல் போகும்.

மோடமை பிரிட்ஜில் போட்டு (வெறும் கடத்தியாக்கி), லைன்காரரிடம் லாகின் செய்யும் பிபிபிஓஇ-யை ரூட்டரிலேயே டயல் செய்திருந்தால் கதை வேறு. அந்த லாகின் செஷன் விழுந்ததும் ரூட்டும் விழும்.

இன்னொரு கூத்து ஓசூர்ப் பக்கம். கையால் ஒரு டீஃபால்ட் ரூட், முகவரி வாங்கித் தரும் டிஹெச்சிபி தானாகச் சேர்த்தது இன்னொன்று, இரண்டுக்கும் டிஸ்டன்ஸ் 1, அதனால் போக்கு இரண்டாகப் பிரிகிறது. பாதி தளம் திறக்கிறது, பாதி திறக்கவில்லை, பேங்க் தளம் அடிக்கடி வெளியே தள்ளுகிறது. இதற்கு ஒரு வாரமாக வைரஸ் தேடியிருக்கிறார்கள்! தர்மபுரியில் ஒரு கடையில் ரூட் ஒழுங்காக மாறியது, நெட் மட்டும் வரவில்லை. உள் முகவரிகளை லைனின் முகவரியாக மாற்றும் நேட் விதி முதல் லைனுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது.

தயவுசெய்து, நெட் போனதும் ரூட்டரை அணைத்துப் போடாதீர்கள். தடயமெல்லாம் போய்விடும். முதலில் ரூட் பட்டியலைப் பாருங்கள்: எந்த டீஃபால்ட் ரூட் ஆக்டிவ்? பிறகு ரூட்டரிலிருந்தே 8.8.8.8-க்கு ஒரு பிங், வழியில் எதுவரை போகிறது என்று காட்டும் ஒரு டிரேஸ்ரூட். டிரேஸ் மோடத்தோடு நின்றால் உங்கள் ரூட்டைத் திட்ட வேண்டாம், லைன்காரருக்கு போன் போடுங்கள். பிங் போகிறது, பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ். அதற்காக ரூட்டை நோண்டாதீர்கள்.

முதலாளிகளுக்கு: பணம் கொடுக்கும்முன் அமைப்பவரிடம், ரூட்டர் ஒயரை விட்டுவிட்டு மோடத்தின் பின்னாலுள்ள மெல்லிய ஃபைபரைக் கழற்றச் சொல்லுங்கள். மோடத்தில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பாகும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டாவது லைனில் நெட் வர வேண்டும், திரும்பச் செருகியதும் முதல் லைனுக்கு வர வேண்டும். கழற்றிய முனையைக் கையால் தொடவோ கண்ணருகே பிடித்துப் பார்க்கவோ வேண்டாம். மூடி இருந்தால் மாட்டி வையுங்கள், தூசி போனால் அதற்கும் ராத்திரியில் எனக்குத்தான் போன் வரும்.