மேக்ரோ: பேரும் இல்லை, நுண்ணும் இல்லை

விரல் நகம் அளவுகூட இல்லாத ஒரு காளான். குடையின் ஓரத்தில் தொங்கும் நீர்த்துளி வரைக்கும் பளிச்சென்று தெரிகிற படம். கீழே குறிப்பு: 'பேரியல் ஒளிப்படம்'. மேக்ரோ போட்டோ என்பதற்குத் தமிழாம். இதை எத்தனையாவது முறை படிக்கிறேன் என்ற கணக்கே விட்டுப்போச்சு. ஈர மண்ணில் குப்புறப் படுத்துக் காளான் படம் எடுக்கிற ஆள் நான், அதனால் எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

மேக்ரோ என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் 'மக்ரோஸ்' என்றால் நீண்டது, பெரியது. ரோமன் எழுத்தில் நெடிலைக் காட்டத் தலைமேல் போடும் கோட்டுக்கு மேக்ரான் என்று பேர், அதுவும் இதே வேர்தான். 1899-ல் வால்ம்ஸ்லி என்பவர், பத்து மடங்குக்கும் குறைவாகப் பெரிதாக்கி எடுக்கும் படங்களை நுண்ணோக்கிப் படங்களிலிருந்து பிரித்துச் சொல்ல 'போட்டோ மேக்ரோகிராஃப்' என்ற பெயரை முன்வைத்தார். மைக்ரோவுக்கு எதிர்ப்பக்கம் நிற்க ஒரு சொல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இப்போது கறாராகப் பேசுகிறவர்கள், கேமராவுக்குள் படத்தைப் பதிக்கிற சென்சார்மேல் விழும் உருவம் பொருளின் நிஜ அளவிலோ (அதுதான் ஒன்றுக்கு ஒன்று) அதற்கு மேலோ இருந்தால்தான் மேக்ரோ என்பார்கள். ஃபுல் ஃப்ரேம் என்கிற, பழைய ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சாரின் அகலம் 36 மி.மீ.; அதே அகலமுள்ள காளான் படத்தை ஓரத்துக்கு ஓரம் நிறைக்க வேண்டும்.

சரி, 'பேரியல்' எங்கிருந்து வந்தது? பொருளாதாரப் பாடநூலிலிருந்துதான். அங்கே அது பொருத்தமான சொல், ஏனென்றால் ஒரு நாட்டின் மொத்த வருமானம், மொத்த வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றையும் எட்ட நின்று முழுசாகப் பார்க்கிற துறை அது. நாங்கள் செய்வது அதற்கு நேர் எதிர். காட்டை விட்டுவிட்டு ஒரு கட்டையைப் பார்க்கிறோம், கட்டையில் ஒரு காளானை, அந்தக் காளானிலும் குடைக்கு அடியில் உள்ள மடிப்பை. மூலச்சொல் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்லை ஒட்டிவிடலாம் என்று நினைத்தவர் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டார்.

'பெரிதாக்கித்தானே காட்டுகிறது, அப்புறம் பேரியல் என்றால் என்ன தப்பு' என்று ஒரு நண்பர் கேட்டார். தமிழில் பெரியது வேறு, பெரிதாக்கியது வேறு. பேரலை என்றால் அலை பெரியது. பேரூர் என்றால் ஊர் பெரியது, சின்ன ஊரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தது இல்லை. அப்படியானால் பேரொளிப்படம் என்பது சுவரை அடைக்கிற படமாகத்தானே இருக்க முடியும்? பெரிதாக்குவதைச் சொல்ல வேண்டுமென்றால் உருப்பெருக்கம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு கட்சி 'நுண்ணொளிப்படம்' என்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காளானுக்கு விதை மாதிரியான ஸ்போர் ஒன்று பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. அதன் உருவத்தைப் படமெடுக்க நுண்ணோக்கி வேண்டும், நுண் என்ற சொல்லும் அங்கேதான் வேண்டும். இங்கேயே செலவழித்துவிட்டால் அதற்கு எதைக் கொடுப்பது? இந்தக் குழப்பத்தில் லென்ஸ் செய்கிறவர்களுக்கும் பங்கு உண்டு: நிக்கான் தன் மேக்ரோ லென்ஸ்களுக்குப் பல்லாண்டுகள் 'மைக்ரோ' என்றே பேர் வைத்து விற்றது.

என் ஓட்டு அண்மைப்படத்துக்கு. சினிமாவில் முகத்தை நெருங்கிக் காட்டுவதும் அண்மைக் காட்சிதானே என்பார்கள். இருக்கட்டும், காட்சி வேறு படம் வேறு, இடம் பார்த்துப் புரியும். அளவு முக்கியமான இடத்தில் 'ஒன்றுக்கு ஒன்று' என்று சேர்த்துக்கொண்டால் போதும். இந்த வேலையில் உள்ள தொல்லைகளில் பாதி அண்மையால் வருவதுதான். கிட்டப் போகப் போக நம் நிழலே காளான்மேல் விழும், லென்ஸ் முனை பக்கத்துப் புல்லை இடிக்கும். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸின் திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைத்தால்கூடத் தெளிவாக விழுவது ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம்தான், அதனால் குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து அடுக்கிச் சேர்க்கிறோம். (காளான் ஓடாது, அது ஒரு புண்ணியம்.) 'அணுக்கப்படம்' என்ற யோசனையும் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதை அணுவோடு சேர்த்துப் படிக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

முதலில் சொன்ன அந்தப் படக் குறிப்பு பேரியலோடு நிற்கவில்லை. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளைக் 'காளானின் செவுள்கள்' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் மீனுக்கும் காளானுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த வினை. செவுள் என்றால் மூச்சுவிடுவது. காளானின் மடிப்பு மூச்சுவிடுவதற்கில்லை, ஸ்போரை விளைவித்து உதிர்ப்பதற்கு. அடிமடிப்பு என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அகராதியைத் திறக்கிற நேரத்தில் காளானை ஒரு தடவை கவிழ்த்துப் பார்த்திருக்கலாம்.

அண்மைப்படம் பிடிக்கவில்லையா, மேக்ரோ என்றே எழுதிவிட்டுப் போங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பேரியல் மட்டும் வேண்டாம்.