ஒரு ஐப்பசியும் ஒரு சித்திரையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்

போன பங்குனியில் ஒரு குடும்பத்தோடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் வீடு பார்க்கப் போயிருந்தேன். மகனுக்குச் சென்னையில் வேலை. திண்டுக்கல் வீட்டை விற்றுவிட்டு அப்பா அம்மாவோடு இங்கேயே வந்துவிடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். தரைத்தள வீடு, நல்ல காற்றோட்டம், வாசலில் வேப்பமரம். அம்மாவுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. "பூஜை ரூம் கிழக்கு பார்த்து இருக்கு தம்பி" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். தரகரோ, "எவ்வளவு மழை பெஞ்சாலும் ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது சார்" என்றார்.

நான் சிவில் இன்ஜினீயர். வீடு வாங்கப் போகிறவர்களுக்காகக் கட்டடத்தைச் சோதித்துச் சொல்வது என் தொழில். தூணில் விரிசல் இருக்கிறதா, தளத்தில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் விரிசலும் இல்லை, கசிவும் இல்லை. ஆனால் கரண்ட் மீட்டர் பெட்டி என் தலைக்கு மேலே இருந்தது. அதற்கு நேர் கீழே, இடுப்பு உயரத்தில், பழைய பெட்டி இருந்த பள்ளத்தைச் சிமென்ட் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேட்டின் கீலுக்குப் பின்னால், பிரஷ் நுழையாத இடத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரிடம் கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். "பதினஞ்சுல இவ்ளோ சார். இருபத்தி மூணுல முட்டிக்கு மேல."

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பினால் அந்த உபரிநீர் அடையாற்றுக்குத்தான் வரவேண்டும். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்த வழியில் இருக்கின்றன. வீட்டைக் கட்டியவர் நன்றாகத்தான் கட்டியிருந்தார். இடம்தான் தண்ணீர் போகும் வழி.

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடுகிறது. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீடு தேடுவது எப்போது? ஏப்ரல், மே மாதங்களில். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்குள் குடியேறிவிட வேண்டும். ஆகவே காய்ந்து கிடக்கும் தெருவைப் பார்த்துத்தான் எல்லோரும் வாழ்நாள் கடனில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஐந்தே மாதத்தில் ஐப்பசி வந்துவிடுகிறது.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பிடித்த பகுதியிலேயே பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு முதல் மாடியில் வாடகைக்கு இருங்கள். ஒரு ஐப்பசியையும் ஒரு சித்திரையையும் அங்கே கழித்துவிட்டு வாங்குங்கள். "வாடகை வீண் காசு இல்லையா சார், அட்வான்ஸ் வேற பத்து மாசம் கேக்கறாங்களே" என்பார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. பத்து மாதம் என்பது பழக்கம்தான், பேசிப் பாருங்கள். வாடகைக்குப் போகிற காசு வீணும் இல்லை. சாலையை விடத் தாழ்ந்துபோன வீட்டை வரிசையாக ஜாக்கி வைத்து மூன்று நான்கு அடி தூக்குகிறார்களே, அந்தச் செலவை ஒரு முறை விசாரித்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஜாக்கி வேலை இங்கே ஏன் இவ்வளவு நடக்கிறது தெரியுமா? பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் நான் பழைய வீடுகளின் வாசற்படியைத்தான் பார்ப்பேன். படி ஏறி உள்ளே போகிறோமா, இறங்கிப் போகிறோமா? நான்கைந்து வீடுகளில் இறங்கிப் போக வேண்டியிருந்தால், நீங்கள் பார்க்கும் புது வீட்டுக்கும் இன்னும் பத்து ஆண்டுகளில் அதே நிலைதான்.

ஊர்ப் பெயரும் விஷயம் சொல்லும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. முகப்பேரில் ஏரித் திட்டம் என்று முகவரியிலேயே இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். இதற்காகப் பெயரைக் கேட்டதும் ஓட வேண்டியதில்லை, அங்கெல்லாம் பல ஆயிரம் பேர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே இருந்த ஏரி நிரம்பினால் உபரிநீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே, அதிலிருந்து தண்ணீர் போகும் கால்வாய் இப்போது இருக்கிறதா? கால்வாய் திறந்திருந்து ஓடினால் பயம் குறைவு. அதன் மேல் கடை வந்திருந்தால் யோசியுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அந்தக் காலத்து ஆட்கள் கழுவேலி என்பார்கள். தென்சென்னையின் பல ஏரிகளுடைய உபரிநீர் அங்கே வந்துதான் ஒக்கியம் மடுவு என்ற கால்வாய் வழியாகக் கடலை நோக்கிப் போக வேண்டும். அதன் ஓரத்தில் எத்தனை அடுக்குமாடி வந்தாலும் தண்ணீர் அதே இடத்தைத் தேடித்தான் வரும். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். உங்கள் மனை இருபது ஆண்டுகளுக்கு முன் என்ன நிறத்தில் இருந்தது என்று பாருங்கள்.

அப்புறம் சித்திரை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த அளவுக்குப் போகாத ஆண்டிலும், பழைய மாமல்லபுரம் சாலையோர அடுக்குமாடிகள் பலவற்றில் லாரித் தண்ணீர்தான் நிலைமை. ஃபிளாட் பார்க்கப் போனால் அசோசியேஷனில் போன மே மாதப் பராமரிப்புக் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். லாரிக்குக் கொடுத்த தொகை அதில் இருக்கும். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். சமையலறைக் குழாயில் அல்ல, போர் தண்ணீரிலேயே வையுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அதற்கு மேல் காட்டும் வீட்டில் குழாயும் வாஷிங் மெஷினும் உப்புப் படிந்து பாழாவதை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

தண்ணீர் வருவதைக் கேட்கிறவர்கள் கூட, போவதைக் கேட்பதில்லை. 2011 இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அப்போது சேர்ந்த பகுதிகள் பலவற்றுக்கும், தாம்பரம், ஆவடி போன்ற புதிய மாநகராட்சிகளின் பல தெருக்களுக்கும் பாதாளச் சாக்கடை தாமதமாகத்தான் வருகிறது. முகவரியில் சென்னை என்று இருந்தாலும் பின்பக்கம் செப்டிக் டேங்க்தான். அதற்கும் கிணறு அல்லது போருக்கும் இடையே எவ்வளவு தூரம், கழிவுநீர் லாரி உள்ளே வரத் தெருவில் அகலம் இருக்கிறதா, இரண்டையும் அளந்து பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் உங்கள் போருக்கு ஒட்டி இருந்தாலும் பிரச்சினை உங்களுக்குத்தான்.

வேலைக்குப் போய் வரும் தூரத்தை ஞாயிற்றுக்கிழமை காரில் போய் அளக்காதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, நீங்கள் தினமும் போகப்போகிற பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவை போய் வாருங்கள். தாம்பரம் கடற்கரை மின்சார ரயில் 1931 இல் வந்தது. அந்தத் தடத்தை ஒட்டி வளர்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற இடங்களில் இன்றும் கார் இல்லாமல் காலம் தள்ளலாம். தென் மாவட்டத்தில் சொந்தபந்தம் இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வையுங்கள்: 2023 டிசம்பர் 30 இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து ஊர் பஸ் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது. வயதான அப்பா அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கினால் உங்கள் வீட்டுக்கு எப்படி வருவார்கள்? "மெட்ரோ வரப்போகுது" என்று சொல்லி விலையைக் கூட்டினால், ஓடாத ரயிலுக்கு இன்றே காசு கொடுக்காதீர்கள்.

தனி மனை என்றால் காகித வேலையும் உண்டு. வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தில் மனையை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ வரைந்திருக்கிறதா என்பதையும் இணையத்திலேயே பார்க்கலாம். நீர்நிலைப் புறம்போக்கு என்ற சொல் பக்கத்து சர்வே எண்ணில் வந்தால் கூட வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் கடனையும் கைமாறியதையும்தான் சொல்லும். அந்த இடத்தில் வெள்ளம் வந்ததா என்று அதில் இருக்காது.

திண்டுக்கல் குடும்பம் அந்த வீட்டை விட்டுவிட்டது. அம்மாவுக்கு வேப்பமரத்தை விட்டுவர மனசே இல்லை, கேட்டருகில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் முதல் மாடியில் வாடகைக்குப் போனார்கள். வாங்கலாம் என்று நான்கு தெருக்களைக் குறித்துவைத்திருந்தார்கள். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் மகன் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் நான்கையும் சுற்றி வந்து எனக்குப் படம் அனுப்பினார். இரண்டு தெருக்களில் வண்டியின் சைலன்சர் வரை தண்ணீர். மூன்றாவதில் கொஞ்சம் தேங்கி, மழை விட்ட அரை மணியில் வடிந்துவிட்டதாம். நான்காவது தெருவில் படமெடுத்த இடத்தில் ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தத் தெருவில் இப்போது ஒரு வீடு பார்த்திருக்கிறார்கள். சித்திரையில் போர் தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.