பம்ப் நின்ற பிறகும் சிப்பில் ஏன் சொட்டுகிறது?

மியான்மரின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: சிரிஞ்சை மெதுவாக அழுத்தித் திரவம் தள்ளும் சிரிஞ்சு பம்பைப் போட்டால் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பில் (நுண்ணிய வாய்க்கால்களில் திரவம் ஓடும் சிறு தகடு) ஓட்டம் சீராக வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, நிறுத்தினாலோ அதே அளவு நேரம் கசிந்துகொண்டே இருக்கிறது, பம்பில் கோளாறா? இல்லை தம்பி. பம்புக்கும் சிப்புக்கும் நடுவில் ஒரு மீட்டர் சிலிக்கோன் டியூப் போட்டிருக்கிறீர்களே, அதைப் பாருங்கள்.

ஓட்டத்தைத் தள்ளுவது அழுத்த வேறுபாடு, மறிப்பது தடை. ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு, பள்ளியில் படித்த பாய்ஸொய் விதிதான். உங்கள் டியூபின் உள்விட்டம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சிப்பில் 100 மைக்ரான் (0.1 மி.மீ.) அகலம், 50 மைக்ரான் உயரம், 2 செ.மீ. நீளத்தில் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்காலின் தடையில் டியூபின் தடை ஏறத்தாழ 700-இல் ஒரு பங்குதான். அதனால்தான் டியூபை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் டியூப் மறிக்காவிட்டாலும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

யாங்கூனில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது கை அறிந்த விஷயம். கரண்ட் வந்ததும் கீழே மோட்டாரைப் போட்டு, பிளாஸ்டிக் ஹோஸை மாடிக்கு இழுத்துத் தண்ணீர் ஏற்றுவோம். தொட்டி மாற்றும்போது ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால், தொளதொளவென்று கிடந்த ஹோஸ் இரை விழுங்கிய பாம்பு மாதிரி விறைத்துப் பருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனாலும் விரலிடுக்கில் தண்ணீர் பீச்சிக்கொண்டுதான் இருக்கும், அதைத் தள்ளுவது மோட்டார் இல்லை, விரிந்த ஹோஸ் சுவர் பழைய அளவுக்குத் திரும்புகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

உங்கள் டியூபிலும் இதேதான். அரை மி.மீ. தடிப்புள்ள மெத்தென்ற சிலிக்கோன் என்றால், அரை வளிமண்டல அழுத்தத்தில் அதன் கொள்ளளவு சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும், அதாவது 80 மைக்ரோலிட்டர் அளவுக்கு. கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் அந்த அழுத்தத்தில் உங்கள் வாய்க்கால் நிமிடத்துக்குக் கடத்துவதே 100 மைக்ரோலிட்டர் சொச்சம். பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதியை முதலில் டியூப் விழுங்குகிறது, வீங்க வீங்க அழுத்தம் ஏறி, மெதுவாகச் சிப்புக்கு விடுகிறது. மின்தடையோடு சேர்ந்த மின்தேக்கி இதையேதான் செய்யும். வாய்க்காலின் தடையையும் டியூபின் நெகிழ்வையும் (அழுத்தத்துக்கு அது எவ்வளவு வீங்குகிறது என்பதையும்) பெருக்கினால் நேரம் வந்துவிடும்: ஏறத்தாழ 45 விநாடி, அதற்குள் ஓட்டம் 63 விழுக்காடுதான் எட்டும், முழுசாகச் சீராக அதைப்போல் நாலு மடங்கு.

சிரிஞ்சு பம்புக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தால் தள்ளினால் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அழுத்தம் நிலையாக இருப்பதால் அகலமான டியூப் சட்டென வீங்கி முடிந்துவிடும். ஆனால் நிறுத்தும்போது வால்வை மட்டும் மூடினால் பழைய கதைதான்.

கருவி சொன்னபடி கேட்கவில்லை என்று அதன்மேல் எலுமிச்சம்பழம் வைத்ததை நானே ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருந்தது. டியூபை விரலால் அமுக்கிப் பார்த்திருந்தால் போதும். காசநோய் இவ்வளவு இருக்கிற நம் நாட்டில் ஒரு சொட்டில் சோதனை செய்யும் சிப்புகள் அவசியம் வேண்டும், ஆனால் கருவிக்குப் பணம் தருபவர்கள் நல்ல டியூபுக்கும் இணைப்பிக்கும் ஒதுக்குவதில்லை.

டெஃப்லான் டியூபுக்கு மாறுங்கள். சிலிக்கோனைவிட நூறு மடங்குக்கு மேல் விறைப்பு, காத்திருக்கும் நேரம் ஒரு விநாடிக்குள் வந்துவிடும். பழைய டியூபை எறிய வேண்டாம், துடித்துத் துடித்துத் தள்ளும் பம்புக்கு அந்த மென்மைதான் மருந்து, இதயத்தின் துடிப்பைப் பெருந்தமனி சமன்படுத்துவதும் இப்படித்தான்.

மாற்றுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். டியூபைப் பாதியாக வெட்டி நேரம் பாருங்கள். நேரமும் பாதியானால் குற்றவாளி டியூப். ஆகவில்லையென்றால் சிரிஞ்சுக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று தேடுங்கள், காற்று தண்ணீரைவிடச் சுமார் 20,000 மடங்கு எளிதாக அமுங்கும்.