‘நபர்’ வேறு, ‘குடிமகன்’ வேறு

கும்பகோணத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் (அடையாளம் தெரியாதபடி ஊரை மாற்றியிருக்கிறேன்). அறுபதைத் தாண்டியவர். மகன் ஸ்பான்சர் செய்து கிரீன் கார்டில் அமெரிக்கா வந்தார். குடியுரிமை இன்டர்வியூவுக்காக, அவருடைய தேர்வுக்கு இருந்த நூறு கேள்விகளையும் நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து மனப்பாடம் செய்திருந்தார். “குடிமக்களுக்கு மட்டுமே உள்ள உரிமை ஒன்று சொல்லுங்கள்” என்று ஆபீசர் கேட்டார். “ஃபெடரல் தேர்தலில் ஓட்டுப் போடுவது” என்று கணீரென்று சொன்னார். கேட்ட ஆறு கேள்விக்கும் ஆறும் சரி. அடுத்து என்-400, அதாவது குடியுரிமை விண்ணப்பப் படிவம். “நீங்கள் எப்போதாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?”

“யெஸ் சார். பிரசிடென்ட் எலெக்‌ஷன்.”

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகுதான் வக்கீலான என்னிடம் வந்தார்கள். “ஊர்ல ஒரு எலெக்‌ஷன்கூட விட்டதில்லைம்மா. கார்டு வீட்டுக்கே வந்துச்சு, போடலைன்னாதான் தப்புன்னு நெனச்சேன்” என்றார். அந்த வாக்காளர் அட்டை பிளாஸ்டிக் உறைக்குள், பாஸ்போர்ட்டோடு பத்திரமாக இருந்தது. இந்த வருடம் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது ஃபைல் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

அட்டை எப்படி வந்தது? டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்திலேயே வாக்காளர் பதிவுக்கும் வழி செய்யும் சட்டம் 1993-இல் வந்தது. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், திரையில் அடுத்தடுத்து வந்த கேள்விகளுக்கெல்லாம் மகன் ‘ஆம்’ என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா’ என்பதும் அதில் ஒன்று. கீழே கையெழுத்து அம்மாவுடையது. குடிமகன் அல்லாதவர் ஜனாதிபதி தேர்தல் போன்ற ஃபெடரல் (நாட்டளவிலான) தேர்தலில் ஓட்டுப் போடுவது 1996 சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாக ஆகிவிட்டால் நாடுகடத்தும் வழக்குவரை போகும். “தெரியாமல் செய்துவிட்டேன்” என்பது தானாக யாரையும் காப்பாற்றாது.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருக்கும் ஒரு தம்பி, கடையில் தானே பில் போடும் மெஷினில் ஒரு பொருளை ஸ்கேன் செய்யாமல் விட்டதற்காகக் கைதானார். பேசாமல் இருக்க உரிமை உண்டு, வக்கீல் கேட்கலாம் என்று போலீஸே சொல்லியிருக்கிறது. இவர் இரண்டு மணி நேரம் பேசி, எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் தம்பி என்றால், “நான் சிட்டிசன் இல்லையே மேடம், எனக்கு ஏது உரிமை?”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். ‘நாம் விருந்தாளிகள், அரசியல் சட்டம் அவர்களுக்கு’ என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சட்டத்தின் வாசகத்தையே பாருங்கள். 1791-இல் சேர்ந்த ஐந்தாம் திருத்தம் ‘எந்த நபரையும்’ உரிய சட்ட நடைமுறை இல்லாமல் உயிரோ சுதந்திரமோ சொத்தோ இழக்கச் செய்யக் கூடாது என்கிறது. குடிமகன் என்ற சொல்லே அதில் இல்லை. 1868-இன் பதினான்காம் திருத்தம் ஒரே வாக்கியத்தில் இரண்டு சொல்லையும் வைத்திருக்கிறது: சில சலுகைகள் ‘குடிமக்களுக்கு’; உரிய நடைமுறையும் சமமான பாதுகாப்பும் ‘எந்த நபருக்கும்’. எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

நீதிமன்றமும் அப்படித்தான் படித்தது. சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று 1880-இல் விதி வந்தது. விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களுக்கும் மறுப்பு. மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் அனுமதி. யிக் வோ சலவைக்கடைக்காரர் வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1886-இல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அன்றைய சட்டப்படி சீனர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. குடியுரிமை வாசலே மூடியிருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, சம்பளத்தில் வரி கட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இல்லையா?

இனி ஓட்டு விஷயத்துக்கு வருவோம். பதினைந்து, பத்தொன்பது, இருபத்து நான்கு, இருபத்தாறு என்று வாக்குரிமை பற்றிய நான்கு திருத்தங்களும் ‘குடிமக்களின்’ உரிமை என்றே சொல்கின்றன. நம்மவர்கள் இதை அப்படியே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். தனக்கு உள்ளதை விட்டுவிடுகிறார்கள், இல்லாததில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆகவே, லைசென்ஸ் கவுன்டரில் அப்பா அம்மாவுக்காக நீங்கள் திரையைத் தட்டாதீர்கள். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, அவர்கள் பதிலைக் கேட்டு, பிறகு தொடுங்கள். வாக்காளர் அட்டை தபாலில் வந்தால் அது அழைப்பிதழ் அல்ல; பெயரை நீக்கச் சொல்லி கவுன்டி தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், பதில் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு விசாரணையில் ஜூரியாக உட்கார அழைக்கும் சம்மன் வந்தால் குப்பையில் போடாதீர்கள், போய் உட்காரவும் செய்யாதீர்கள். ‘குடிமகன் அல்ல’ என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் உள்ளூர் தேர்தலில் மட்டும் குடிமகன் அல்லாதவரும் ஓட்டுப் போடலாம். அதைக் கேள்விப்பட்டு ஜனாதிபதி தேர்தலுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

போலீஸ் பிடித்தால் பெயரைச் சொல்லுங்கள், வக்கீல் வேண்டும் என்று சொல்லுங்கள், நிறுத்துங்கள். கிரிமினல் வழக்கில் வசதி இல்லாதவருக்கு அரசே வக்கீல் தரும். குடிவரவு நீதிமன்றத்தில் வக்கீல் வைக்கும் உரிமை உண்டு, ஆனால் செலவு உங்களுடையது. இந்த வித்தியாசம் தெரியாமல் கடைசி நாளில் ஓடிவருகிறவர்கள் அதிகம்.

ஏற்கெனவே பதிந்துவிட்டீர்கள், அல்லது போட்டேவிட்டீர்கள் என்றால் மறைக்காதீர்கள். பதிவேட்டில் எல்லாம் இருக்கிறது. வாக்குப் பதிவு வரலாற்றின் நகலை வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். தயவுசெய்து, என்-400-இல் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். அந்த அம்மா வந்தது இன்டர்வியூ முடிந்து பதினோரு நாள் கழித்து.