செவ்வாயிலிருந்து கதிர் வருகிறது என்று போனை அணைப்பவர்களுக்கு

"இன்று இரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை செவ்வாய் கிரகத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் பூமிக்குப் பக்கத்தில் வருகின்றன, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள், நாசாவே சொல்லிவிட்டது." வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி மறுபடியும் கிளம்பியிருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவில் கதிர் சிகிச்சை இயற்பியலாளராக வேலை பார்ப்பதால், "சார், இது நிஜமா?" என்று பலரும் எனக்கு அனுப்புகிறார்கள். வார்டில் ஒருவர் படுத்திருக்கும்போது வீட்டில் இருப்பவர்கள் இதை நம்பி ராத்திரி போனை அணைத்துவிட்டால் அவசரத்துக்கு நர்ஸ் யாரைக் கூப்பிடுவார்? அதனால் இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து மிக வேகமாக வரும் துகள்கள், நிஜம்தான். ஆனால் அது இன்று ராத்திரி மட்டும் வருவதில்லை, நீங்கள் இதைப் படிக்கும் இந்த நிமிடமும் வந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் காஸ்மிக் கதிர் மேலே காற்றில் மோதும்போது உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்கள் ஒவ்வொரு நொடியும் ஒன்றிரண்டு அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. கூரை, கான்கிரீட், போன் எதுவும் அதற்குக் கணக்கே இல்லை. எங்கள் சிகிச்சை அறையில் கருவியை முழுக்க அணைத்துவிட்டு கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரை எடுத்துப் பார்த்தாலும் அது பூஜ்யம் காட்டாது. மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவது ஒரு பங்கு, வானத்திலிருந்து வருவது ஒரு பங்கு.

1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி பலூனில் ஏறி 5,300 மீட்டர் உயரம் வரை போனார். மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடியது, அதனால் இது பூமிக்கு வெளியே இருந்து வருகிறது என்று தெரிந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விண்வெளியிலிருந்து வந்து சேரும் இந்தத் துகள்களில் பெரும்பாலானவை புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுவின் கரு. மின்னூட்டம் உள்ளதால் வழியில் இருக்கும் காந்தப்புலங்கள் எல்லாம் இவற்றை வளைத்துவிடுகின்றன, ஆகவே வந்து சேர்ந்த திசையைப் பார்த்து எங்கே புறப்பட்டது என்று சொல்ல முடியாது. வெடித்த நட்சத்திரங்களின் மிச்சங்களில்தான் இவை வேகம் பெறுகின்றன என்ற பழைய ஊகத்துக்கு ஃபெர்மி விண்தொலைநோக்கி 2013இல்தான் நேரடி ஆதாரம் தந்தது. அதைவிட மிக அதிக ஆற்றல் கொண்டவை நம் பால்வீதிக்கு வெளியே இருந்து வருகின்றன என்று அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஜே ஆய்வகம் 2017இல் காட்டியது. அவற்றை எது முடுக்கிவிடுகிறது என்பது இன்னும் விடை கிடைக்காத கேள்வி.

இதில் செவ்வாய்க்கு எந்த வேலையும் இல்லை. அது கதிரை அனுப்பவில்லை, நம்மைவிட மோசமாக வாங்கிக்கொள்கிறது. கனமான காற்றும் இல்லை, பூமிக்கு இருப்பதுபோல காந்தப்புலமும் இல்லை. கியூரியாசிட்டி ஊர்தி அங்கே தரையில் அளந்தது ஒரு நாளைக்கு சுமார் 0.67 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பூமியில் காஸ்மிக் கதிரால் நமக்குக் கிடைப்பது ஒரு முழு வருடத்துக்கே சராசரியாக 0.4 மில்லிசீவர்ட்தான்.

தென்னிந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிரை மிக வலுவாகத் தடுக்கும் பகுதிகளில் நம் பகுதியும் ஒன்று. துருவப் பக்கம் சுலபமாக உள்ளே வந்துவிடும் குறைந்த ஆற்றல் துகள்கள் இங்கே மேலேயே திருப்பி அனுப்பப்படுகின்றன. ஊட்டிக்குப் பக்கத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் தினமும் சுமார் 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் மேலே வந்தபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கண்டுபிடித்தார்கள். நம் ஊர் மலையில் இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது, அதைப் பற்றி ஒரு ஃபார்வர்டு கூட எனக்கு இதுவரை வரவில்லை!

போனை அணைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. போன் வெளியிடுவது ரேடியோ அலை, அது காஸ்மிக் துகளை இழுப்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை.

மின்னணுச் சில்லுகளுக்குத்தான் நிஜமான தொல்லை. காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் நியூட்ரான் ஒன்று நினைவகத்தில் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1 என்று பதிந்திருக்கும் ஒரு இலக்கத்தை, புரட்டிப்போட்டுவிட முடியும். 2003இல் பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற இடத்தில் மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு, ஒரே ஒரு பிட் மாறினால் வரும் எண். மென்பொருளில் தவறு எதுவும் கிடைக்காததால் காஸ்மிக் கதிர்மேல் சந்தேகம் விழுந்தது. எங்கள் வேலையிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வரும். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) வைத்தவருக்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும்போது 10 மெகாவோல்ட்டுக்கு மேலான கதிரைத் தவிர்க்கிறோம், ஏனென்றால் அதில் நியூட்ரான்கள் உண்டாகி பேஸ்மேக்கரின் சில்லைக் குழப்பலாம். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் நாளே எங்களிடம் சொல்லிவிடுங்கள், அதன் அட்டையையும் கொண்டு வாருங்கள்.

இந்த மாதிரி செய்திகளால் எனக்கு வரும் பெரிய கவலை வேறு. கதிர்வீச்சு என்றாலே ஆபத்து என்ற பயம் ஊறிப்போய், தேவையான சி.டி. ஸ்கேனை வேண்டாம் என்பவர்களும், கதிர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துபவர்களும் உண்டு. சிகிச்சை நாட்கள் விட்டுப்போனால் கட்டி மறுபடி வளர இடம் கிடைக்கிறது. எவ்வளவு அளவு, எதற்காக என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, பதில் சொல்வது எங்கள் வேலை.

காஸ்மிக் கதிரைப் பற்றி நிஜமாகவே யோசிக்க வேண்டியவர்கள் விமான ஊழியர்கள். பறக்கும் உயரத்தில் மணிக்கு சுமார் 3 முதல் 5 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்) வரை கிடைக்கும், வடக்கே போகப் போகக் கூடும். எப்போதாவது பறக்கும் பயணிக்கு இது பொருட்டே இல்லை. மாதம் 80 மணி நேரம் பறப்பவர் கர்ப்பமாக இருந்தால் மூன்று நான்கு மாதத்தில், கருவுக்கு சர்வதேச அளவில் பரிந்துரைக்கப்பட்ட 1 மில்லிசீவர்ட் வரம்பைத் தொட்டுவிடலாம். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், உறுதியானதும் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் எழுத்தில் தெரிவித்து, பறக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டும்.